சிறு ஈடுபாடுகளும் வாழ்வின் பிடிப்பும்: மியேகோ கமியாவின் நகஷிமா ஆய்வை முன்வைத்து

வாழ்வில் நிறைவு காண்பது எப்படி என்று சொல்லித்தரும் நூல்களில் கடந்த பத்தாண்டுகளாக நான்கு வட்டங்கள் கொண்ட படம் ஒன்று தவறாமல் இடம்பெற்று வருகிறது. ஒருவர் விரும்புவது, அவருக்குக் கைவந்தது, உலகுக்குத் தேவையானது, ஊதியம் ஈட்டித் தருவது என்னும் நான்கு வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து நிற்க, நான்குக்கும் பொதுவாக நடுவில் எஞ்சும் சிறிய இடத்துக்கு 'இக்கிகாய்' என்ற ஜப்பானியப் பெயர் சூட்டப்பட்டிருக்கும். வாழ்வதற்கு உரிய பயன், உயிர் வாழ்வதைத் தகுதியுடையதாக்கும் ஒன்று என்று அச்சொல்லுக்குப் பொருள் கூறுவர். தமிழ்ப் புத்தகக் கடைகளிலும் இக்கிகாய் நூலின் மொழிபெயர்ப்பு நன்கு விற்கிறது. நிறுவனப் பயிற்சி வகுப்புகளில் இந்தப் படம் திரையில் காட்டப்படுகிறது. ஆனால் இது ஜப்பானில் வரையப்பட்ட படம் அன்று. ஸ்பெயின் நாட்டு சோதிடரான ஆந்த்ரேஸ் சுசுனாகா மனித வாழ்வின் நோக்கத்தை விளக்குவதற்காக வரைந்த படத்தை எடுத்து, நடுவில் 'நோக்கம்' என்று இருந்த சொல்லை நீக்கிவிட்டு, அங்கே 'இக்கிகாய்' என்று எழுதி 2014இல் பரப்பியவர் மார்க் வின் என்ற ஆங்கில எழுத்தாளர். அவர் செய்த மாற்றம் அந்த ஒரு சொல் மட்டுமே.

இந்த ஒட்டுவேலையின் விளைவு சிறியதன்று. ஊதியம் தராத எதுவும், உலகின் தேவை என்று மெய்ப்பிக்க இயலாத எதுவும், திறமை என்று மெச்சத்தகாத எதுவும் வாழ்வின் பிடிப்பாக அமைய முடியாது என்று அந்தப் படம் மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது. இக்கிகாய் குறித்து ஜப்பானில் எழுதப்பட்ட அடிப்படை நூலோ இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தது. மனநல மருத்துவர் மியேகோ கமியா எழுதி 1966இல் வெளிவந்த 'இக்கிகாய் பற்றி' என்ற அந்த நூல், வேலை, ஊதியம், குடும்பம், ஊர், சொந்தப் பெயர் ஆகிய அனைத்தையும் இழந்த மனிதர்களிடையே பிறந்தது. அவர்களுள் சிலர் எதைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தனர் என்பதைக் கூர்ந்து நோக்கினால், சிறு ஈடுபாடு ஒன்று மனிதனுக்கு எதைத் தருகிறது, எதைத் தர இயலாது என்ற இரண்டுமே புலப்படும்.

கமியா 1914இல் பிறந்தவர். தந்தை தமோன் மயேதா பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் ஜப்பானின் சார்பாளராக ஜெனீவாவில் பணியாற்றியதால், சிறுமிக்கு பிரெஞ்சு மொழி தாய்மொழிபோல் வசப்பட்டது. 1933இல், பத்தொன்பதாம் வயதில், கிறித்தவ ஊழியரான தம் மாமா தோக்கியோ அருகில் இருந்த தொழுநோயாளர் காப்பகத்தில் உரையாற்றச் சென்றபோது, ஆர்கன் வாசிப்பதற்காக அவருடன் சென்ற கமியா, அங்கே கண்ட மனிதர்களுக்கு மருத்துவம் செய்வதே தம் கடன் என்று முடிவெடுத்தார். வீட்டார் இசையவில்லை, இடையில் காசநோய் வேறு கண்டது. அமெரிக்கா சென்று படித்துத் திரும்பி, தோக்கியோ மகளிர் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1944இல் மருத்துவரானபோதும், அவர் தேர்ந்த துறை மனநலம்; தொழுநோய் அன்று. போருக்குப் பின் திருமணம், இரு மகன்கள், குடும்பச் செலவுக்காக மொழிப் பாடம் நடத்துதல், மார்க்கஸ் அவுரேலியஸின் நூலை ஜப்பானியத்தில் பெயர்த்தல், புற்றுநோய்ச் சிகிச்சை என்று ஆண்டுகள் கழிந்தன. முதன்முதலில் உள்ளம் பற்றிக்கொண்ட காரியத்துக்கு அவர் வந்து சேர்ந்தது 1957இல். அதாவது இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து. அப்போதும் அது முழுநேரப் பணியாக அமையவில்லை. ஆஷியாவில் இருந்த வீட்டிலிருந்து ரயிலிலும் படகிலும் சென்று, சில நாட்கள் தங்கி, நோயாளிகளைப் பார்த்துத் திரும்பும் பகுதிநேரப் பணியே அது. தாம் ஆராய்ந்த பொருளுக்குத் தாமே ஒரு சான்றாக அவர் இருந்தார் என்பதை அவருடைய நூலைப் படிப்போர் நினைவில் கொள்வது நல்லது.

அவர் சென்ற இடம் ஒக்காயாமா மாநிலத்தில், செத்தோ உள்நாட்டுக் கடலில் உள்ள நகஷிமா தீவு. 1930இல் அங்கே நிறுவப்பட்ட அய்செயென், ஜப்பானிய அரசின் முதலாவது தேசியத் தொழுநோயாளர் காப்பகம். காப்பகம் என்பது பெயரளவில்தான். 1931ஆம் ஆண்டுச் சட்டம் தொழுநோயாளர் அனைவரையும் பிரித்துவைக்க வழிவகுத்தது. பிடித்துவரப்பட்டவர்கள் பலர் குடும்பத்துக்குக் களங்கம் நேராதிருக்கும்பொருட்டுப் புனைபெயர் பூண்டனர். திருமணம் செய்துகொள்ள விரும்பும் ஆண்கள் கருத்தடைக்கு உட்படவேண்டியிருந்தது. நிலப்பகுதிக்கும் தீவுக்கும் இடையே இருந்த நீர்ப்பரப்பு மிகக் குறுகலானது. எனினும் அதைக் கடக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. காப்பகத்தை நடத்தும் செலவைக் குறைப்பதற்காக நோயாளிகளே வேலை வாங்கப்பட்டனர். உழவு, கட்டுமானம், துணி வெளுத்தல் முதல் படுத்த படுக்கையாய்க் கிடப்போருக்குப் பணிவிடை செய்வது வரை யாவும் 'நோயாளர் பணி' என்ற பெயரில் மிகச் சொற்பக் கூலிக்கு அவர்களால் செய்யப்பட்டன. உணர்ச்சியற்ற கைகளால் கருவிகளைப் பிடித்து உழைத்ததில் புண்கள் பெருகி, விரல்களை இழந்தோர் பலர். இந்த இடத்தில் வேலை இருந்தது. சிறிதளவு ஊதியமும் இருந்தது. உலகின் தேவை என்ற வாதமும் அதிகாரிகளிடம் இருந்தது. பிடிப்பு மட்டும் அவற்றிலிருந்து தானாக வந்துவிடவில்லை.

கமியா அங்கு நோயாளிகளிடம் மனநல ஆய்வு ஒன்றை மேற்கொண்டார். அந்தக் காலத்தில் சல்ஃபோன் வகை மருந்துகள் வந்துவிட்டிருந்தன. நோய் குணமாகக்கூடியது என்பது நிலைநாட்டப்பட்டிருந்தது. பலருக்கு உடலளவில் பெருந்துன்பம் இல்லை. அப்படியிருந்தும், வருங்காலத்தில் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்றும், நாட்கள் வெறுமையாகக் கழிகின்றன என்றும் எழுதியவர்கள் மிகுதி. அதே காப்பகத்தில், அதே உணவை உண்டு, அதே சுவர்களுக்குள் வாழ்ந்த வேறு சிலரோ வாழ்வதில் நிறைவு காண்பதாக உரைத்தனர். அவர்களுள் நோய் முற்றியவர்களும் பார்வை இழந்தவர்களும் இருந்தனர். ஒரே சூழலில் இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்ற வினாவே அவருடைய நூலின் விதை. ஏறத்தாழ ஏழாண்டுகள் அதை எழுதினார்.

நூலில் அவர் முதலில் செய்யும் காரியம் ஒரு பாகுபாடு. ஒருவருக்குப் பிடிப்பாக அமையும் பொருள் வேறு, அந்தப் பொருளால் அவருக்குள் எழும் உணர்வு வேறு. குழந்தை, கவிதை, தோட்டம், இறைவன் என்று பொருள்கள் ஆளுக்கு ஆள் மாறும். உணர்வோ எல்லாரிடமும் ஒரே தன்மையது. அடுத்து, அத்தகைய பொருளின் இயல்புகளை அவர் எடுத்துரைக்கிறார். அவற்றுள் இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கக்கூடியது, அது நடைமுறைப் பயனோடு இணைந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான். செய்ய விரும்பியதால் செய்கிறோம் என்ற தன்னியல்பும், இது எனக்கே உரியது என்ற பொருத்தமும், எது முதன்மை எது அடுத்தது என்று மனத்தில் ஒரு வரிசையை உண்டாக்கும் ஆற்றலும் இருந்தால் போதும். விளையாட்டாகத் தொடங்கியதும் இவ்விடத்தைப் பெறலாம். மூன்றாவதாக, இவ்வுணர்வு எந்தெந்த வேட்கைகளை நிறைவேற்றுகிறது என்று ஏழினைக் குறிப்பிடுகிறார்: நிறைவு, மாற்றமும் வளர்ச்சியும், எதிர்காலம், எதிரொலி, விடுதலை, தன்னை முழுமையாக்கிக் கொள்ளுதல், பொருளும் மதிப்பும். இவற்றுள் எதிரொலி என்பது அவர் தனிப் பொருளில் ஆளும் கலைச்சொல். நாம் செய்யும் ஒன்றுக்கு வெளியிலிருந்து மறுமொழி வரவேண்டும் என்ற ஏக்கத்தையே அவர் அவ்வாறு அழைத்தார்.

எதிர்காலம், எதிரொலி ஆகிய இவ்விரண்டையும் அய்செயெனின் இசைக்குழு ஒன்றின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. தொழுநோய் முற்றினால் கண்பார்வை போகலாம். நரம்புகள் சிதைவதால் விரல்நுனிகளும் உணர்விழக்கும். பார்வையற்றோருக்கு உரிய பிரெயில் எழுத்து, தாளில் புடைத்து நிற்கும் புள்ளிகளை விரல்நுனியால் தடவிப் படிப்பதற்கு அமைக்கப்பட்டது. விரலில் உணர்ச்சி இல்லாதவருக்கு அந்த வழியும் அடைபட்டுப் போகிறது. இந்நிலையில், உணர்ச்சி எஞ்சியிருந்த இடமான நாக்கின் நுனியாலும் உதடுகளாலும் புள்ளிகளைத் தொட்டுப் படிக்கச் சில நோயாளிகள் கற்றுக்கொண்டனர். இதற்கு 'நாவாசிப்பு' என்றே பெயர் வழங்கிற்று. தாள் எச்சிலில் நனைந்து ஊறிவிடும், புள்ளிகள் அமுங்கிப்போகும், பழகாத நாக்கு உராய்ந்து இரத்தம் கசியும், முதலில் ஓர் எழுத்தைப் பிரித்தறியவே நாள்கணக்கில் ஆகும்.

1953இல் அய்செயெனில் பார்வையற்ற நோயாளிகள் சேர்ந்து 'நீலப்பறவை' என்ற மவுத் ஆர்கன் குழுவைத் தொடங்கினர். அதை வழிநடத்திய கோயிச்சி கோந்தோ சிறுவனாகத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டவர்; சீதபேதி கண்டவர்களுக்குப் பணிவிடை செய்யும் நோயாளர் பணியில் ஈடுபட்டபோது தாமும் தொற்றுக்கு ஆளாகி, அதனால் தொழுநோய் முற்றிப் பார்வையை இழந்தவர். பிரெயில் முறையில் எழுதிய இசைக்குறிப்புகளை அவர் நாவால் படித்தார். மவுத் ஆர்கனைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு: விரல்கள் மடங்கிப்போன, குறைந்துபோன கைகளால் பற்றிக்கொண்டு, மூச்சையும் உதட்டையும் மட்டும் நம்பி வாசிக்கக்கூடிய கருவி அது. உலகுக்கு அவர்களுடைய இசை தேவைப்பட்டதா என்றால், தொடக்கத்தில் இல்லை என்பதே விடை. ஊதியம் இல்லை. திறமை இருந்ததா என்றால், அதுவும் பயின்று வந்ததே ஒழிய முன்னரே வாய்த்ததன்று. நான்கு வட்டப் படத்தின்படி மூன்று வட்டங்கள் காலியாக இருந்தன. ஆனால் அடுத்த ஒத்திகைக்குள் மனப்பாடம் செய்ய வேண்டிய பகுதி ஒன்று இருந்தது. தவறாக வாசித்தால் பக்கத்தில் இருப்பவரின் வாசிப்பு கெடும் என்ற பொறுப்பு இருந்தது. எதிர்காலம் என்று கமியா குறித்தது நெடுந்தொலைவில் உள்ள இலட்சியமாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த வியாழக்கிழமை என்ற அளவிலும் அது இருக்கலாம். எதிரொலி என்பது பெருங்கூட்டத்தின் கைதட்டலாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து சரியான சுரம் எழுந்தால் போதும்.

இங்கே பலரும் தவறவிடும் ஒன்றைச் சுட்ட வேண்டும். சிறு மகிழ்ச்சிகளைச் சுவைக்கப் பழகுங்கள், தேநீரை மெல்ல அருந்துங்கள் என்ற வகை அறிவுரை இன்று மலிந்திருக்கிறது. அதில் தவறில்லை, ஆனால் நகஷிமாவில் நடந்தது அதுவன்று. நாவாசிப்பில் சுகம் ஏதுமில்லை. ஈடுபாட்டின் அளவுதான் சிறியது. அது ஆளிடம் கேட்கும் உழைப்பும் ஒழுங்கும் சிறியவை அல்ல. அமெரிக்க உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய், மனிதர் ஒரு செயலில் தம்மை மறந்து ஆழ்ந்துபோகும் நிலையைப் 'பாய்வு' என்று பெயரிட்டு ஆராய்ந்தபோது, செயலின் கடினமும் செய்பவரின் திறனும் ஏறத்தாழ சமமாக, இரண்டுமே சற்று உயர்ந்த நிலையில் இருக்கும்போதுதான் அது கைகூடுகிறது என்று கண்டார். மிக எளிதானது சலிப்பூட்டுகிறது, மிகக் கடினமானது பதற்றம் தருகிறது.

அவரும் ஜூடித் லெஃபெவ்ரும் 1989இல் வெளியிட்ட ஆய்வு வேலையைப் பற்றிய நம் பொதுக்கருத்தைக் குலைப்பது. 78 தொழிலாளர்களிடம் ஒலியெழுப்பும் கருவியைக் கொடுத்து, ஒரு வாரம் முழுவதும் அது ஒலித்த நேரங்களில் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், எப்படி உணர்கிறார்கள் என்று எழுதச் செய்தனர். பாய்வு நிலை ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்திலேயே பலமடங்கு அதிகமாகத் தென்பட்டது. ஆயினும் வேலையில் இருந்தவர்கள் தாம் வேறெங்காவது இருக்கக் கூடாதா என்றே எழுதினர். ஓய்வில் மந்தமாக உணர்ந்தவர்கள் அந்நிலை தொடரவேண்டும் என்றனர். வேலை என்பது தன் விருப்பத்தால் நேர்ந்ததன்று என்ற எண்ணமே அதில் கிடைக்கும் நிறைவையும் கண்ணுக்குப் புலப்படாமல் செய்துவிடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதினர். கமியா வலியுறுத்திய தன்னியல்பு எவ்வளவு ஆழமான தேவை என்பதற்கு இது மறைமுகச் சான்று.

ஊதியத்தை ஈடுபாட்டோடு கட்டிப்போடுவதன் ஆபத்தை 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகியோர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் நடத்திய சோதனை காட்டியது. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள குழந்தைகளைத் தேர்ந்து, ஒரு பிரிவினரிடம் வரைந்தால் பரிசுச் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, பின்பு அவ்வாறே கொடுத்தனர். சில நாட்கள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத விளையாட்டு நேரத்தில் கவனித்தபோது, அந்தப் பிரிவினர் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் இச்சரிவு இல்லை. பணம் ஆர்வத்தைக் கொன்றுவிடும் என்று இதிலிருந்து பொதுவிதி வகுப்பது மிகை. பிற்கால ஆய்வுகள் பலவகை வேறுபாடுகளைக் காட்டியுள்ளன. ஆனால் ஊதியத்தை நிபந்தனையாக்கும் நான்காவது வட்டம் அந்த இடத்தில் இருக்கத் தகுதியற்றது என்று சொல்ல இதுவே போதும்.

அப்படியானால் வேலைக்கும் சிறு ஈடுபாட்டுக்கும் இடையே உள்ள உறவு என்ன? தமிழ்நாட்டிலிருந்து இரு சான்றுகளைக் கூறலாம். இந்திய நிலவியல் அளவைத் துறையில் 1858இல் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் பணி பாறைகளையும் கனிமங்களையும் வரைபடமாக்குவது. தொல்மனிதரைத் தேடுவது அன்று. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கற்கோடரி இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாயிற்று. அதன்பின் நாற்பதாண்டுகள், அலுவல் நிமித்தம் சென்ற இடங்களிலெல்லாம் கல்லாயுதங்களைச் சேர்த்தார்; அந்தத் தொகுப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அதே 1863இல் அவரும் வில்லியம் கிங்கும் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தின் தொன்மை சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியான ஆய்வு கணித்தது. ஐராவதம் மகாதேவன் 1954இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவர். கோப்புகளுக்கு நடுவே, விடுமுறை நாட்களில் குன்றுகளில் ஏறிக் குகைக் கல்வெட்டுகளைப் படியெடுத்து, புகலூர்க் கல்வெட்டில் சேர மன்னர் பெயர்களை வாசித்தறிந்து, 1966இல் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளின் தொகுப்பை வெளியிட்டார். 1980இல் பணியைத் துறந்தார். தமிழ்க் கல்வெட்டியல் குறித்த அவருடைய பெருநூல் வெளிவந்தது 2003இல். இருவருக்கும் அலுவலகம் பகையாக இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபூட்டுக்கு அது பயணத்தையும் நிலத்தைப் படிக்கும் கண்ணையும் தந்தது. மகாதேவனுக்கு ஆவணங்களை ஒழுங்குபடுத்தும் பழக்கத்தைத் தந்தது என்று கருத இடமுண்டு. வேலையே பிடிப்பாக அமைய வேண்டும் என்ற சுமையை அதன் தலையில் ஏற்றாமல், அதன் ஓரத்தில் கிடைத்த இடத்தில் அவர்கள் பயிர் செய்தனர்.

பிடிப்பு உடலையும் காக்குமா என்ற வினாவுக்கும் ஓரளவு விடை உண்டு. மியாகி மாநிலத்தின் ஒசாகி வட்டாரத்தில் 43,391 பேரிடம், உங்கள் வாழ்வில் இக்கிகாய் உண்டா என்று கேட்டு, ஏழாண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. இல்லை என்று சொன்னவர்களிடையே இறப்பு விகிதம் சுமார் ஒன்றரை மடங்காக இருந்தது. வயது, நோய், புகைபிடித்தல் போன்றவற்றைக் கணக்கில் கொண்டபின்னும் இவ்வேறுபாடு நீடித்தது. ஆயினும் ஒற்றைக் கேள்வியின் விடையை வைத்துக்கொண்டு காரணம் எது, விளைவு எது என்று அறுதியிட முடியாது. நலிந்துவரும் உடல்தான் முதலில் பிடிப்பைப் பறித்ததோ என்ற ஐயம் எஞ்சவே செய்கிறது.

இதைவிடக் கடுமையான ஐயம் கமியாவின் நூலை நோக்கியே எழுப்பப்பட்டது. அய்செயெனின் முதல் இயக்குநரும், தொழுநோயாளரை முற்றாகப் பிரித்துவைக்க வேண்டும் என்று அயராது வாதிட்டவருமான கென்சுகே மித்சுதாவிடம் கமியாவுக்கு ஆழ்ந்த மதிப்பு இருந்தது. மருந்து வந்த பின்னரும், நோயாளிகளின் போராட்டத்தை மீறி, 1953இல் இயற்றப்பட்ட சட்டம் பிரித்துவைத்தலைத் தொடர்ந்தது. அதைக் கண்டித்துக் கமியா குரல் எழுப்பவில்லை. சிறைப்பட்டோரின் உள்ளம் எப்படி மலர்ந்தது என்று எழுதிய எழுத்து, சிறை இருக்கவேண்டியதா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டது என்று பிற்காலத்தவர் குறைகூறினர். இக்குறைகூறலில் நியாயம் இருக்கிறது. சிறு ஈடுபாட்டை மெச்சும் எவரும் எளிதில் விழக்கூடிய பள்ளம் இது. பணியிடத்தில் நேரமும் கூலியும் மரியாதையும் மறுக்கப்பட்ட ஒருவரிடம், பொழுதுபோக்கு ஒன்றைத் தேடிக்கொள் என்று மேலாளர் சொல்வதும் இதே வகையைச் சேர்ந்தது. ஆனால் கமியா கண்டறிந்தது அதனால் பொய்யாகிவிடவில்லை. தீவுவாசிகள் இசையையும் விட்டுக்கொடுக்கவில்லை, உரிமைப் போராட்டத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று என்று அவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை.

கமியா 1979இல் காலமானார். நகஷிமாவை நிலப்பகுதியோடு இணைக்கும் பாலம் 1988இல் திறக்கப்பட்டது. பிரித்துவைக்கும் சட்டம் 1996இல் நீக்கப்பட்டது. அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று 2001 மே மாதம் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் முன்னாள் நோயாளிகளே.